12 பேரும் ஒத்துக்கணுமா? இந்த மாசக் கோர்ட்டு கேள்வி பதில்

போன இதழ்ல வாய்தா பத்தி எழுதும்போது கடைசியில ஜூரி பத்தி, அதாவது சாதாரண ஜனங்களை உக்கார வெச்சு குற்றவாளியா இல்லையான்னு முடிவு கேக்கற முறையை பத்தி, தண்டிக்கணும்னா 12 பேரும் ஒத்துக்கணும்னு ஒரு வரி சேர்த்திருந்தேன். வாய்தாவை விட்டுட்டு அந்த ஒரு வரிக்குத்தான் இந்த தடவை அதிகமா லெட்டர் வந்திருக்கு, அதனால இந்த மாசம் இது ஒண்ணையே பேசிடலாம். பட்டா, பாகப்பிரிவினைன்னு கேட்டிருந்தவங்க கோவிச்சுக்காதீங்க, அடுத்த இதழ்ல உங்களுக்குத்தான் முதல் இடம்.

கேள்வி: ஐயா, எங்க காலேஜ்ல டிபேட் வெச்சாங்க. அமெரிக்காவுல கிரிமினல் கேஸ்ல ஜூரி 12 பேரும் ஒரே முடிவு சொன்னாத்தான் தண்டனைன்னு 2020-ல அங்க சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கு, அது சரியா தப்பான்னு தலைப்பு. நான் தப்புங்கிற அணி. 11 பேர் குற்றவாளின்னு சொல்றப்போ ஒருத்தர் மட்டும் முடியாதுன்னு உக்காந்துட்டா மொத்த கேஸும் நின்னு போயிடுதே, எலெக்‌ஷனுக்கே மெஜாரிட்டி போதும்னா இதுக்கு ஏன் போதாதுன்னு கேட்டேன். எங்க அணிதான் ஜெயிச்சது, ஆனா வீட்டுக்கு வந்ததுலேருந்து எனக்கே மனசு ஒப்பல. நீங்க என்ன சொல்றீங்க?
(சட்டம் படிக்கிற மாணவி, பென்னாகரம்)

பதில்: ஜெயிச்ச பிறகும் மனசு ஒப்பலைன்னு எழுதியிருக்கீங்க பாருங்கம்மா, அதுக்காகவே உங்க கேள்வியை முதல்ல எடுத்தேன். நான் அந்தப் பக்கம்தான், தண்டிக்கணும்னா 12 பேரும் ஒத்துக்கணும். இதை 30 வருஷமா கோர்ட்டு வராண்டாவுல நின்ன ஆளா சொல்றேன்.

முதல்ல அந்த 2020 கேஸ் என்னன்னு பாத்துடலாம். லூசியானா மாநிலத்துல எவாஞ்சலிஸ்டோ ராமோஸ்னு ஒருத்தர் மேல கொலை கேஸ், 2016-ல தீர்ப்பு. ஜூரியில 10 பேர் குற்றவாளின்னாங்க, 2 பேர் நிரூபிக்கலைன்னாங்க. அமெரிக்காவுல வேற மாநிலமா இருந்தா அது முடிவே வராத விசாரணை, புது ஜூரி வெச்சு திரும்ப நடத்தணும், இல்லன்னா கேஸை விட்டுடணும். ஆனா லூசியானாவும் ஆரிகனும் மட்டும் 10 பேர் போதும்னு வெச்சிருந்தாங்க, அதனால அவருக்கு சாகற வரைக்கும் ஜெயில், பரோல் கூட கிடையாது. அதை எதிர்த்து சுப்ரீம் கோர்ட் போய் 2020 ஏப்ரல்ல 6-க்கு 3-ங்கிற கணக்குல ஜெயிச்சாரு, பெரிய குற்றத்துக்கு எந்த மாநிலமா இருந்தாலும் ஜூரி ஒருமனதா சொல்லணும்னு ஆச்சு. அதுக்கப்புறம் அவரை மறுபடி விசாரிச்சாங்க, 2023-ல புது ஜூரி குற்றவாளி இல்லைன்னு விடுதலை பண்ணிடுச்சு. முதல் தடவை அந்த ரூம்ல ரெண்டு பேர் வேணாம் வேணாம்னு சொன்னாங்களே, அவங்களை யாருமே கேக்கலைன்னுதான் நான் இதை எடுத்துக்கறேன்.

சரி, 10 போதும்ங்கிற சட்டம் எப்படி வந்துச்சு? 1898-ல லூசியானாவுல அரசியல் சட்ட மாநாடு கூட்டினாங்க, வெள்ளைக்காரங்க ஆதிக்கத்தை நிலைநாட்டறதுதான் நோக்கம்னு மாநாட்டுலயே பகிரங்கமா பேசினாங்க. கறுப்பின மக்களை ஜூரியில சேர்க்கவே கூடாதுன்னு சட்டம் போட முடியாது, 1880-லயே சுப்ரீம் கோர்ட் அதை அடிச்சிடுச்சு. அப்போ என்ன பண்றது, 12 பேர்ல ஒருத்தரோ ரெண்டு பேரோ உள்ள வந்துடுவாங்க, வரட்டும், அவங்க சொல்றது எடுபடாத மாதிரி பண்ணிடலாம்னு 9 பேர் ஒத்துக்கிட்டா போதும்னு வெச்சாங்க, பிறகு 1970-கள்ல அதை 10 ஆக்கினாங்க. சட்டத்துல ஜாதி, நிறம்னு ஒரு வார்த்தை கிடையாது, வெறும் நம்பர்தான், ஆனா அந்த நம்பர் என்ன வேலை செஞ்சுதுன்னு பாருங்க. ஆரிகன்லயும் இதே மாதிரிதான், 1933-ல ஒரு யூதர் மேல நடந்த கொலை கேஸ்ல 11 பேர் ஒரு பக்கம் இருக்க ஒருத்தர் மட்டும் அசையாம நின்னதால குறைஞ்ச குற்றத்துக்குத்தான் தண்டனை ஆச்சு, உடனே பத்திரிகைங்க ஊரை கிளப்பி விட்டு அடுத்த வருஷமே ஓட்டெடுப்புல சட்டத்தை மாத்திட்டாங்க. லூசியானா ஜனங்க 2018-ல அவங்களே ஓட்டு போட்டு பழைய விதியை தூக்கினது எனக்கு பெரிய ஆறுதல்.

இப்போ உங்க எலெக்‌ஷன் கேள்விக்கு வர்றேன். எலெக்‌ஷன்ல யாராவது ஒருத்தர் ஜெயிச்சே ஆகணும், எம்.எல்.ஏ சீட்டை காலியா வெச்சுக்க முடியாது. கிரிமினல் கேஸ்ல அரசாங்கம் ஜெயிச்சே ஆகணும்னு யாரும் எழுதி வெக்கல. சந்தேகத்துக்கு இடமில்லாம நிரூபிச்சா தண்டனை, இல்லன்னா சந்தேகத்தோட பலன் எதிரிக்கு, அதாவது குற்றம் சாட்டப்பட்டவருக்கு, இதை நம்ம ஊர் கோர்ட்ல குமாஸ்தா கூட தூக்கத்துல சொல்லுவாரு. எல்லா சாட்சியையும் கேட்டு, எல்லா ஆவணத்தையும் பாத்து, சத்தியம் பண்ணி உக்காந்த 12 பேர்ல ரெண்டு பேருக்கு சந்தேகம் தீரலைன்னா சந்தேகத்துக்கு இடமில்லைன்னு எந்த வாயால சொல்றது?

இன்னொண்ணு, இதைத்தான் டிபேட்ல பெரும்பாலும் விட்டுடுவாங்க. 10 பேர் போதும்னு விதி இருந்தா, ரூமுக்குள்ள போனதும் கையை தூக்க சொல்லுவாங்க, 10 கை தூக்கியாச்சுன்னா வேலை முடிஞ்சுது, மிச்ச ரெண்டு பேர் என்ன நினைக்கிறாங்கன்னு கேக்கவே வேண்டிய அவசியம் இல்ல. 12-ன்னு வெச்சா அந்த ரெண்டு பேர்கிட்ட பேசியே ஆகணும், ஏன் உனக்கு ஒப்பல, எந்த இடத்துல இடிக்குது, அந்த சாட்சி சொன்னதை திரும்ப படிச்சு பாக்கலாம் வான்னு உக்காரணும். பேசினதுல ரெண்டு பேர் மனசு மாறலாம், இல்ல 10 பேர் மாறலாம்.

என் சொந்த அனுபவம் ஒண்ணு சொல்றேன். நான் ஜூனியரா இருந்தப்போ ஒரு செசன்ஸ் கோர்ட்ல கொலை கேஸ், எதிரி 22 வயசு பையன். கண்ணால பாத்த சாட்சி ஒரே ஒருத்தர். அவரு கடைசி பஸ்ல வந்து ஏரிக்கரை ஸ்டாப்ல எறங்கினேன், அப்போதான் பாத்தேன்னாரு. எங்க சீனியர் குறுக்கு விசாரணையில வெளிச்சம் இருந்துச்சா, எவ்வளவு தூரம், முன்விரோதம் உண்டான்னு எல்லாம் கேட்டாரு, சாட்சி அசையல, பையனுக்கு ஆயுள் ஆயிடுச்சு. அன்னிக்கு சாயங்காலம் புளியமரத்தடியில பையனோட அம்மா தூக்குப்போசிய மடியில வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தாங்க, அவனுக்குன்னு கொண்டாந்த கேழ்வரகு களி, மேல கீரை கடைசல், எல்லாம் ஆறி கெட்டியா போயிருந்துச்சு. கோர்ட் டவாலி வந்து என் பக்கத்துல நின்னுக்கிட்டு மெதுவா சொன்னாரு, "சார், எனக்கு பக்கத்து ஊரு. அந்த வருஷம் ஏரி நிரம்பி வழிஞ்சு கோடி போச்சுங்க. கோடி போனா அந்த பஸ்ஸு ஏரிக்கரை வழியா வராது சார், சுத்திக்கிட்டு மெயின் ரோட்லதான் போவும்."

எனக்கு கை கால் ஓடல. ஜட்ஜ் வேற மாவட்டத்துக்காரரு, அவருக்கு அந்த ஏரியும் தெரியாது பஸ்ஸும் தெரியாது, எங்களுக்கும் கேக்கணும்னு தோணல. பையன் அப்பீல்ல வெளிய வந்தான், எஃப்.ஐ.ஆர் கோர்ட்டுக்கு போய் சேர்ந்தது லேட்டுங்கிற வேற ஒரு காரணத்துல, அதுக்குள்ள சில வருஷம் போயிடுச்சு. இன்னிக்கு வரைக்கும் நான் நினைக்கிறது, அந்த டவாலி மாதிரி ஒருத்தர் ஜூரியில இருந்து, மத்த 11 பேரும் அவருக்கு பதில் சொல்லாம வெளிய வர முடியாதுன்னு விதி இருந்திருந்தா அன்னிக்கு அந்த களி ஆறியிருக்காது. 10 போதும்னா அவரு 11-வதா 12-வதா ஓரமா உக்காந்திருப்பாரு, அவ்வளவுதான்.

கேள்வி: அண்ணா, நீங்க சொல்றது கேக்க நல்லாத்தான் இருக்கு, ஆனா நடைமுறையில ஒருத்தனை விலைக்கு வாங்கினா போதும், இல்ல அவன் வீட்டு முன்னாடி நாலு பேர் போய் நின்னா போதும், கேஸ் காலி. பெரிய ஆளுங்க எல்லாம் இதை வெச்சே தப்பிச்சுக்குவாங்களே?
(ஷிப்ட் வேலை பாக்கற வாசகர், ஓசூர்)

பதில்: உங்க பயம் நியாயமானது தம்பி, அதை லேசா தள்ளிட்டு போக மாட்டேன். இதே பயத்துலதான் இங்கிலாந்துல 1967-ல சட்டத்தை மாத்தினாங்க. நூத்துக்கணக்கான வருஷமா அங்க 12-க்கு 12-தான், ரவுடி கும்பலுங்க ஜூரர்களை மிரட்டறாங்க, காசு குடுக்கறாங்கன்னு சொல்லி 12-ல 10 பேர் போதும்னு கொண்டு வந்தாங்க. அதுலயும் ஒரு நிதானம் வெச்சாங்க, எடுத்த உடனே 10 கிடையாது, குறைஞ்சது ரெண்டு மணி நேரமாவது ஒருமனதா வர முயற்சி பண்ணணும், அதுக்கப்புறம்தான் ஜட்ஜ் 11-க்கு 1, 10-க்கு 2 முடிவை ஏத்துக்கலாம். தண்டனை ஆச்சுன்னா எத்தனை பேர் ஒத்துக்கிட்டாங்க, எத்தனை பேர் ஒத்துக்கலைன்னு திறந்த கோர்ட்ல எல்லார் முன்னாடியும் சொல்லணும். ஸ்காட்லாந்துல இன்னும் தாராளம், 15 பேர் ஜூரி, 8 பேர் சொன்னா தண்டனைன்னு ரொம்ப காலமா இருந்துச்சு, 8-க்கு 7-ல ஒரு மனுஷன் ஜெயிலுக்கு போகலாம், அதை 2025-ல மாத்தி மூணுல ரெண்டு பங்கு பேர் வேணும்னு சட்டம் போட்டிருக்காங்க. ஒரு ஊர் 12-லேருந்து கீழ எறங்குது, இன்னொரு ஊர் 8-லேருந்து மேல ஏறுது, யோசிச்சு பாருங்க.

ஆனா மிரட்டலுக்கு எண்ணிக்கையை குறைக்கறது மருந்தான்னு கேட்டா, இல்லன்னுதான் சொல்வேன். 2000 பிப்ரவரி 2, நம்ம தர்மபுரி இலக்கியம்பட்டியில வேளாண் பல்கலைக்கழக பஸ்ஸை கொளுத்தி 3 மாணவிங்க எரிஞ்சு போனாங்க, அந்தப் புகையை பாத்தவங்க இன்னிக்கும் நம்ம நடுவுல இருக்காங்க. கேஸ் முதல்ல உங்க கிருஷ்ணகிரி பக்கம்தான் நடந்துச்சு, என்ன ஆச்சு? சாட்சிங்க வரிசையா பிறழ் சாட்சி ஆனாங்க, பாத்தேன்னவங்க பாக்கலைன்னாங்க. பொண்ணை பறிகுடுத்த ஒரு அப்பா ஐகோர்ட் போய் மல்லுக்கட்டி, கேஸை சேலத்துக்கு மாத்தி முதல்லேருந்து விசாரிக்க வெச்சதுக்கப்புறம்தான் 2007-ல தண்டனை வந்துச்சு. இங்க ஜூரியே கிடையாது, ஒரே ஜட்ஜுதான், இருந்தும் கேஸ் சாயப் பாத்துச்சு, ஏன்னா பயம் சாட்சி மேல எறங்கினுது. அதை சரி பண்ணினது இடத்தை மாத்தினதும் விடாம நின்ன ஒரு அப்பாவும்தான். ஜூரி இருக்கற ஊர்லயும் அப்படித்தான் செய்யணும், ஜூரர் பேரை வெளிய விடாம வைக்கலாம், கேஸை வேற ஊருக்கு மாத்தலாம், காசு குடுத்தவனை பிடிச்சு தனி கேஸ் போடலாம்.

இன்னொரு கணக்கும் இருக்கு தம்பி. 12 பேரும் ஒத்துக்கணும்ங்கிற இடத்துல ஒருத்தனை விலைக்கு வாங்கினா விடுதலை கிடைக்காது, முடிவு வராம நிக்கும், அவ்வளவுதான். புது 12 பேர் வெச்சு மறுபடி விசாரிக்கலாம், அப்போ அவன் மறுபடியும் ஒருத்தனை தேடணும். குத்தமே பண்ணாதவனை 10 பேர் சேர்ந்து உள்ள தள்ளினா அதுக்கு அப்படி ஒரு இரண்டாவது வாய்ப்பு தானா வராது, அவன் அப்பீல், வக்கீல் பீஸ்னு வீட்டை வித்து அலையணும். ரெண்டு தப்பும் ஒரே எடை இல்லைங்கறதாலதான் தண்டிக்க 12-ம் வேணும்ங்கறேன். விடுதலை பண்றதுக்கு 10 பேர் போதும்னு யாராவது சொன்னா எனக்கு ஆட்சேபம் இல்ல.

கேள்வி: நம்ம நாட்டுலதான் ஜூரியே இல்லையே சார், அப்புறம் இதெல்லாம் நமக்கு எதுக்கு? வாச்சாத்தி கேஸ்ல ஒரே ஒரு ஜட்ஜ் உக்காந்து தைரியமா தீர்ப்பு குடுக்கலையா?
(ஆசிரியை, அரூர்)

பதில்: வாச்சாத்தியை எடுத்தீங்க, அரூர்லேருந்து கேக்கறவங்க அதை எடுக்காம இருக்க முடியாது. 1992 ஜூன் 20, சந்தனக்கட்டை தேடறோம்னு வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறைன்னு போனவங்க அந்த மலைவாழ் மக்கள் ஊரை என்ன பண்ணினாங்கன்னு நான் திரும்ப எழுத வேண்டியதில்ல, பாலியல் கொடுமைக்கு ஆளான 18 பொண்ணுங்க வாழ்க்கை. 269 பேர் மேல கேஸ், விசாரணை முடியறதுக்குள்ள 54 பேர் செத்தே போயிட்டாங்க, 2011 செப்டம்பர் 29-ம் தேதி நம்ம தர்மபுரி கோர்ட்ல மிச்சம் இருந்த 215 பேரும் குற்றவாளின்னு தீர்ப்பு, 2023-ல அதே செப்டம்பர் 29-ம் தேதி ஐகோர்ட் அதை உறுதி பண்ணுச்சு. அந்த 2011 தீர்ப்பு அன்னிக்கு கோர்ட் வளாகத்துல கால் வெக்க இடமில்ல. அதை குறைச்சு பேச எனக்கு மனசு வராது.

ஆனா டீச்சர், ஒரு வித்தியாசம் இருக்கு. ஜட்ஜ் தீர்ப்பு சொன்னா காரணம் எழுதணும், பக்கம் பக்கமா எழுதி கையெழுத்து போடணும், அதை மேல் கோர்ட் வரி வரியா படிக்கும். ஜூரி காரணமே சொல்லாது, குற்றவாளி, இல்ல குற்றவாளி இல்ல, ஒரே சொல் சொல்லிட்டு வீட்டுக்கு போயிடும். காரணம் எழுதாத இடத்துல அதுக்கு ஈடா இருக்கறதுதான் இந்த ஒருமனது, 12 பேரும் அலசி ஒரே இடத்துக்கு வந்தாங்கங்கறதே காரணம். அதையும் எடுத்துட்டா கையில ஒண்ணுமே இல்ல.

நம்ம நாட்டுலயும் ஜூரி இருந்துச்சு, எல்லா ஊர்லயும் இல்ல, பல இடத்துல அசெஸ்ஸர்னு உக்கார வெச்சு கருத்து கேப்பாங்க, ஜட்ஜ் அதை கேட்டே ஆகணும்னு கட்டாயம் இல்ல. ஐகோர்ட்ல 9 பேர் ஜூரி, அதுல 6 பேர் ஒரே பக்கம் இருந்து ஜட்ஜும் சரின்னா தீர்ப்பு. நம்ம தாத்தா பாட்டிங்க எல்லாருக்கும் தெரிஞ்ச கேஸ் லட்சுமிகாந்தன் கொலை கேஸ், 1944 நவம்பர்ல நடந்தது. தியாகராஜ பாகவதரும் என்.எஸ்.கிருஷ்ணனும் 1945-ல மெட்ராஸ் ஐகோர்ட்ல நின்னாங்க, ஜூரி பெரும்பான்மையா குற்றவாளின்னுச்சு, தீவாந்தரம்னு தண்டனை. அப்போ நமக்கு கடைசி அப்பீல் கோர்ட்டா இருந்த லண்டன் ப்ரிவி கவுன்சில் வரைக்கும் போய், திரும்ப இங்க விசாரணைக்கு வந்து, 1947 ஏப்ரல்ல ரெண்டு பேரும் விடுதலை. ரெண்டு வருஷத்துக்கு மேல ஜெயில்ல போச்சு, வெளிய வந்த பாகவதருக்கு பழைய புகழ் திரும்பவே இல்ல. ஒருமனதா சொல்லணும்னு அன்னிக்கு விதி இருந்திருந்தா அந்த தண்டனை அப்படியே விழுந்திருக்காது.

உடனே நானாவதி கேஸை சொல்லுவீங்க. சரி, 1959-ல பம்பாய்ல கடற்படை அதிகாரி நானாவதி, பிரேம் அஹுஜாவை சுட்டாரு, ஜூரி 8-க்கு 1 குற்றவாளி இல்லைன்னுச்சு, ஜட்ஜ் இது ஒப்புக்கொள்ள முடியாத முடிவுன்னு ஐகோர்ட்டுக்கு அனுப்பினாரு, அங்க ஆயுள் தண்டனை, 1961-ல சுப்ரீம் கோர்ட்டும் அதை உறுதி பண்ணுச்சு. அந்த கேஸ்ல சட்டப்படி சரியா நின்னது அந்த ஒத்தை ஆள்தான், அதையும் கவனிங்க. இந்த கேஸால அடுத்த நாளே ஜூரியை ஒழிச்சாங்கன்னு பல பேர் எழுதறாங்க, அது சரியில்ல. 1958-லயே, அதாவது துப்பாக்கி வெடிக்கறதுக்கு முன்னாடியே, சட்ட கமிஷன் ஜூரி வேணாம்னு அறிக்கை குடுத்திடுச்சு, முழுசா போனது 1973 குற்றவியல் நடைமுறை சட்டத்தோடதான்.

இப்போ நமக்கு எதுக்குன்னு கேட்டீங்கல்ல, அதுக்கு வர்றேன், எனக்கு நெஞ்சை அறுக்கறது இதுதான். ஜூரி போச்சு, ஆனா பல பேர் சேர்ந்து முடிவு எடுக்கற இடம் போகல. தூக்கு தண்டனை அப்பீலை சுப்ரீம் கோர்ட்ல இப்போ குறைஞ்சது 3 ஜட்ஜ் கேக்கணும், 2014-லேருந்து அப்படி. அந்த 3 பேர்ல 2 பேர் தூக்குன்னு சொல்லி ஒருத்தர் வேணாம்னா? தூக்குதான். ராஜீவ் கொலை கேஸ்ல 1999-ல நளினிக்கு தூக்கு வேணாம், ஆயுள் போதும்னு ஜஸ்டிஸ் கே.டி.தாமஸ் எழுதினாரு, மத்த ரெண்டு பேரும் தூக்குன்னாங்க, தூக்கு உறுதியாச்சு, 2000-ல கவர்னர் அதை குறைச்சதாலதான் உயிர் தப்பிச்சது. அதை விட மோசம் தேவிந்தர் பால் சிங் புல்லர் கேஸ், 1993 டெல்லி குண்டு வெடிப்பு. 2002-ல ஜஸ்டிஸ் எம்.பி.ஷா, போலீஸ்கிட்ட குடுத்த வாக்குமூலத்தை மட்டும் நம்பி தண்டிக்க முடியாது, இவரை விடுதலை பண்ணணும்னே எழுதினாரு. மத்த ரெண்டு பேர் தூக்கு. நாட்டோட உச்ச நீதிமன்றத்துல உக்காந்த 3 பேர்ல ஒருத்தர் இவன் குற்றவாளியே இல்லைன்னு காரணத்தோட எழுதி கையெழுத்து போட்ட அதே தீர்ப்புக் கட்டுல அவனை தூக்குல போடுன்னும் இருக்கு. 2014-லதான் அதை ஆயுளா குறைச்சாங்க, அதுவும் கருணை மனுவை வருஷக்கணக்கா இழுத்தடிச்சதாலயும் அவரு மனநிலை கெட்டுப் போனதாலயும், ஜஸ்டிஸ் ஷா எழுதினதுக்காக இல்ல. ஜூரி ரூம்ல ஒருத்தருக்கு என்ன சந்தேகம்னு வெளிய தெரியாது, இங்க சந்தேகம் அச்சுலயே இருக்கு.

தூக்கு தண்டனையே கூடாதுங்கறது என் கட்சி, அதை நீங்க ஒத்துக்க வேண்டாம். ஆனா வெச்சுக்கறதா இருந்தா, பெஞ்ச்ல இருக்கற எல்லா ஜட்ஜும் ஒரே கருத்தா சொன்னாத்தான் உயிரை எடுக்கலாம்னு ஒரு வரி சட்டத்துல சேர்க்க எவ்வளவு நேரம் ஆகும்? ஐகோர்ட்லயும் இதே கதைதான், ரெண்டு ஜட்ஜுக்குள்ள கருத்து வேறானா மூணாவது ஜட்ஜ்கிட்ட போகும், அவரு சொல்றதுதான் முடிவு. நிலத்தகராறுக்கு அது போதும். உயிருக்கு எப்படி போதும்?

கேள்வி: இந்தியாவுல இப்போ எங்கயுமே ஜூரி கிடையாதா?
(காவேரிப்பட்டணம் வாசகர்)

பதில்: கிரிமினல் கேஸ்ல கிடையாது. பார்சி சமூகத்து கல்யாண, விவாகரத்து கேஸ்ல மட்டும் ஜட்ஜோட சேர்ந்து உக்கார அந்த சமூகத்துலேருந்தே பிரதிநிதிங்களை எடுக்கறாங்க, 1936 சட்டம், அப்போ 7 பேர், 1988-லேருந்து 5 பேர். நம்ம ஜில்லாவுல அதுக்கு வேலை இருக்காது.

கேள்வி: வக்கீல் சார், நான் முன்னாடி வார்டு மெம்பரா இருந்தவன். ஒருமனதா முடிவு எடுக்கணும்னு நீங்க சொல்றது சரி, ஆனா எங்க ஊர் கிராம சபையில எல்லா தீர்மானமும் "ஏகமனதாக நிறைவேற்றப்பட்டது"ன்னுதான் எழுதறாங்க. போன கூட்டத்துல ஏரி வண்டல் விஷயத்துல ரெண்டு குடும்பம் எந்திரிச்சு நின்னு வேணாம்னாங்க, அப்பவும் ஏகமனதுதான். அந்த மாதிரி ஏகமனதை வெச்சு என்ன பண்றது?
(பாலக்கோடு)

பதில்: இந்த லெட்டர் வந்திருக்கலைன்னா இந்தப் பகுதி முழுசாகியிருக்காதுங்க, ரொம்ப நன்றி. நானும் அந்த மினிட் புக்கை பாத்திருக்கேன், மேல நாலு வரி தீர்மானம், கீழ ரெண்டு பக்கத்துக்கு கையெழுத்தும் கைநாட்டும், சில சமயம் கையெழுத்து வாங்கினதுக்கு அப்புறம்தான் மேல தீர்மானமே எழுதுவாங்க. அது வாயை அடைச்சு வாங்கின ஒருமனது, அதை யாரும் ஒருமனதுன்னு சொல்லக்கூடாது.

ஜூரியிலயும் இந்த ஆபத்து உண்டு, அதை மறைச்சு நான் வாதாட மாட்டேன். 1670-ல லண்டன்ல வில்லியம் பென், வில்லியம் மீட்னு ரெண்டு பேர் தெருவுல நின்னு மதப்பிரசங்கம் பண்ணினதுக்கு கேஸ். ஜூரி அவங்களை தண்டிக்க மாட்டேன்னுச்சு, எட்வர்ட் புஷல்னு ஒருத்தர் அதுல உறுதியா நின்னாரு. ஜட்ஜ் கோவத்துல ஜூரியை சோறு தண்ணி இல்லாம, குளிருக்கு நெருப்பு கூட இல்லாம ராத்திரி முழுக்க அடைச்சு வெச்சாரு, ஒரு ராத்திரி இல்ல, ரெண்டு ராத்திரி. அப்பவும் அவங்க மாத்தல, குற்றவாளி இல்லைன்னே முடிவு சொன்னாங்க. அதுக்கு ஆளாளுக்கு அபராதம் போட்டாரு, புஷல் கட்ட மாட்டேன்னு ஜெயிலுக்கு போயி அங்கேருந்து வழக்கு போட்டு ஜெயிச்சாரு, சொன்ன முடிவுக்காக ஜூரரை தண்டிக்கக்கூடாதுன்னு அன்னிக்கு வந்த தீர்ப்பு இன்னிக்கு வரைக்கும் நிக்குது. இன்னிக்கு பட்டினி போட மாட்டாங்க, ஆனா 11 பேர் சுத்தி உக்காந்து எங்களுக்கு வீட்டுக்கு போகணும் சீக்கிரம் சொல்லுன்னு முறைச்சா அதுவும் ஒரு பட்டினிதான். அதனால 12 பேரும் ஒத்துக்கணும்னு சொல்ற அதே சட்டம், ஒத்துக்க முடியலைன்னா ஒத்துக்கலைன்னே எழுதிட்டு எந்திரிக்கலாம்னும் சொல்லணும். முடிவு வராம போறதை ஊர் தோல்வியா பாக்குது, எனக்கு அது அந்த விதி வேலை செஞ்சதுக்கு அடையாளம்.

நம்ம பக்கத்துல மாசி, பங்குனியில பாரதம் வெப்பாங்கல்ல, 18 நாள் கூத்து. எனக்கு எட்டு வயசு இருக்கும், துகில் உரியற ராத்திரி, பாட்டி மடியில தூங்கிக்கிட்டு இருந்தவனை எழுப்பி உக்கார வெச்சாங்க. பெட்ரோமாக்ஸ் வெளிச்சம், சபை நிறைய பெரிய பெரிய கிரீடம், பீஷ்மர் துரோணர் எல்லாரும் தலையை குனிஞ்சுக்கிட்டு இருக்காங்க. ஓரத்துலேருந்து ஒரு சின்னப் பையன் எந்திரிக்கறான், அவனுக்கு ஒழுங்கா ஒரு கிரீடம் கூட இல்ல, விகர்ணன், நூறு கௌரவர்ல ஒருத்தன். தன்னையே தோத்தவன் பொண்டாட்டியை எப்படி பந்தயம் வெக்கலாம், இந்தம்மா கேட்டதுக்கு சபையில யாராவது பதில் சொல்லுங்கன்னு கேக்கறான். கர்ணன் எந்திரிச்சு, சின்னப்பய உனக்கு என்னடா தெரியும்னு அதட்டி உக்கார வெச்சிடறான், தாளம் மாறிடுது, கதை அடுத்த இடத்துக்கு போயிடுது. கூட்டத்துல எங்க பாட்டி மட்டும் கோவமா, "அவன் கேட்டதுக்கு பதில் சொல்லிட்டு போங்கடா"ன்னு சத்தம் போட்டாங்க, கூத்துக்காரரே ஒரு நிமிஷம் திரும்பி பாத்தாரு.

நீங்க பதவியில இல்லன்னாலும் கிராம சபையில ஓட்டு உள்ள ஆள்தானே, உக்காரவும் பேசவும் உங்களுக்கு முழு உரிமை இருக்கு. அக்டோபர் 2 கூட்டத்துக்கு அந்த ரெண்டு குடும்பத்தையும் கூட்டிக்கிட்டு போங்க, அவங்க என்ன காரணத்துக்காக வேணாம்னு சொல்றாங்கன்னு தீர்மானத்துக்கு கீழயே எழுத சொல்லுங்க, எழுதினதை சத்தமா படிக்க சொல்லி கேட்டுட்டு அப்புறம் கையெழுத்து போடுங்க. எழுத மாட்டேன்னா அதையே ஒரு மனுவா எழுதி குடுத்துட்டு ரசீது வாங்கிக்குங்க, வாங்கினதும் எனக்கு ஒரு கார்டு போடுங்க.